கிடார்காரருக்குக் கோவம் வந்தா பாட்டு நல்லா வருது!

வாசகர் கேள்வி – பதில்

(இந்த முறை முழுக்க எண்பதுகளோட சிந்தசைசர் ராக், அதாவது எலக்ட்ரானிக் கீபோர்டு கலந்த ராக். போன இதழ்ல ஒரு பதில்ல வேன் ஹேலன்ங்கிற அமெரிக்க பேண்டோட 'ஜம்ப்' பாட்டைப் புகழ்ந்து நாலு வரி எழுதினோம், அதுக்கு வந்த கேள்விகள்ல திட்டி வந்ததையும் சேத்தே போட்டிருக்கோம்.)

நான் கிடார் கத்துக்கிட்டிருக்கேன் சார். ராக்னா கிடார், பேஸ், டிரம்ஸ் அவ்ளோதான், கீபோர்டு உள்ள நுழைஞ்ச அன்னிக்கே ராக் செத்துப்போச்சுன்னு எங்க மாஸ்டர் சொல்றாரு. நீங்க என்னடான்னா 'ஜம்ப்' பாட்டைத் தலைல தூக்கி வெச்சு ஆடுறீங்க. யார் சொல்றது சரி? – கோவை வாசகர்

உங்க மாஸ்டர் சொல்றதைத்தான் அந்த பேண்டோட பாடகர் டேவிட் லீ ராத்தும் சொன்னாரு, அதுவும் கிடாரிஸ்ட் எட்டி வேன் ஹேலன் கிட்டயே. நீ கிடார் ஹீரோ, நீ கீபோர்டு வாசிக்கிறதை யாருய்யா கேக்கப் போறாங்கன்னு. எட்டி அந்த ட்யூனை ரொம்ப முன்னாடியே வெச்சிருந்தாரு, பேண்ட்ல யாரும் சட்டை பண்ணல. மனுஷன் என்ன பண்ணாருன்னா 1983-ல வீட்டுப் பின்பக்கமே 5150-ன்னு ஒரு ஸ்டூடியோ கட்டிட்டாரு, இனிமே யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல பாருங்க, ராத்திரி ராத்திரியா உக்காந்து ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏங்கிற சிந்தசைசர்ல அந்தப் பாட்டை ரெக்கார்ட் பண்ணி முடிச்சு இதுக்கு வரி எழுதுன்னு ராத் கையில குடுத்துட்டாரு. 1984 பிப்ரவரி கடைசில அமெரிக்காவுல நம்பர் 1, அஞ்சு வாரம் அசையல. அந்த பேண்டோட ஒரே நம்பர் 1 சிங்கிள் அதுதான். உலகத்துலயே பெரிய கிடாரிஸ்ட்னு பேர் வாங்கினவருக்கு அந்த இடத்தை வாங்கிக் குடுத்தது ஒரு கீபோர்டு!

இதுல யாரும் பெருசா பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு. எட்டிக்குக் கீபோர்டு புதுசு கிடையாது, சின்ன வயசுல கத்துக்கிட்டதே பியானோதான், நோட்டைப் பாத்துப் படிக்காம காதால கேட்டே வாசிச்சு போட்டியெல்லாம் ஜெயிச்சிருக்காரு. அதனால கிடார்காரர் ஒருத்தர் ஃபேஷனுக்காக கீபோர்டு தொட்டாருங்கிற பேச்சே தப்பு. இன்னொண்ணு, '1984' ஆல்பம் சார்ட்ல ரெண்டாவது இடத்தைத் தாண்டவே இல்ல, ஏன்னா மேல மைக்கேல் ஜாக்சனோட 'த்ரில்லர்' உக்காந்திருந்துச்சு, அந்த 'த்ரில்லர்'ல 'பீட் இட்' பாட்டுக்கு சோலோ வாசிச்சது யாருன்னா இதே எட்டிதான்.

என் கட்சி இதுதான், கீழ வர்ற பதில்கள்லயும் இதையே தான் திருப்பித் திருப்பி சொல்லப் போறேன், முன்னாடியே சொல்லிடறேன். இந்த இசையை நாங்க விரும்புறது கீபோர்டுக்காக இல்ல, கிடாருக்காகவும் இல்ல, ரெண்டும் ஒரே பாட்டுல இடத்துக்கு அடிச்சுக்குதே, அதுக்காக. 'ஜம்ப்'ல நடுவுல கிடார் சோலோ வர்றப்ப பாருங்க, அதுவரைக்கும் கீபோர்டு போட்டு வெச்ச சுருதியையே விட்டு வேற இடத்துக்கு இழுத்துட்டுப் போறாரு. கொஞ்ச நேரம்தான், திரும்ப கீபோர்டு வந்து தன் சோலோவை வாசிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரும். ரெண்டு பக்கமும் வாசிக்கிறது ஒரே ஆளுங்கிறதுதான் இங்க வேடிக்கை. மாஸ்டர் கிட்ட இதை மட்டும் போட்டுக் காட்டுங்க, ஆனா ஃபீஸ் கட்டினதுக்கு அப்புறமா காட்டுங்க.

எழுபதுகள்லயும் ராக்ல கீபோர்டு இருந்துச்சே, ஆர்கன் எல்லாம் வாசிச்சாங்களே. எண்பதுல மட்டும் அப்படி என்ன புதுசா வந்துச்சு? – மதுரை வாசகி

நல்ல கேள்வி, இதுக்குக் கொஞ்சம் மெஷின் கதை சொல்லணும், போரடிச்சா அடுத்த கேள்விக்குத் தாவிடுங்க.

1970-ல வந்த மினிமூக்ங்கிற சிந்தசைசர்ல ஒரு நேரத்துல ஒரே ஒரு சுரம்தான் வரும். ரெண்டு கட்டையை சேத்து அழுத்தினாலும் ஒண்ணுதான் கேக்கும், அதனால அதுல சோலோ வாசிக்கலாம், பேஸ் வாசிக்கலாம், கார்டு (பல சுரத்தை ஒண்ணா சேத்து வாசிக்கிறது) பிடிக்க முடியாது. 1978-ல ப்ராஃபெட்-5 வந்துச்சு, ஒரே நேரத்துல அஞ்சு சுரம், அதைவிட முக்கியம் நீங்க உருவாக்கின சவுண்டை மெமரில போட்டு வெச்சு பட்டன் தட்டினா திரும்ப வரும், அதுவரைக்கும் மேடைல ஒவ்வொரு பாட்டுக்கும் குமிழைத் திருகித் திருகி சவுண்டைப் பிடிக்கணும், இருட்டுல வேற. அடுத்து ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ், 1981-ல ரோலண்ட் ஜூபிட்டர்-8 (விலை 5,000 டாலருக்கு மேல, அப்ப அது யார் கைக்கு எட்டும்னு யோசிச்சுக்கங்க), 1983-ல யமஹா டிஎக்ஸ்7, இது டிஜிட்டல், 16 சுரம், விலை 2,000 டாலர் பக்கம், அதனால தெருவுக்குத் தெரு பேண்டு வெச்சிருந்த பசங்க கைக்கும் வந்துருச்சு. அதே 1983-லதான் மிடியும் வந்துச்சு, ஒரு கம்பெனி கீபோர்டை இன்னொரு கம்பெனி கீபோர்டோட ஒயர் போட்டு இணைச்சு ரெண்டையும் சேத்து ஒலிக்க வைக்கலாம்னு.

இது ஹார்ட் ராக்குக்கு ஏன் அவ்ளோ தோதா இருந்துச்சுன்னு கிடார் வாசிக்கிறவங்களுக்கு சட்டுனு புரியும். டிஸ்டார்ஷனை, அதாவது கிடாரோட கரகரப்பை, ஏத்தி வெச்சு முழு மேஜர் கார்டு அடிச்சா நொசநொசன்னு ஆயிடும், அதனாலதான் பவர் கார்டு, அதாவது 'ச'வும் 'ப'வும் மட்டும். கனமா இருக்கும், ஆனா சந்தோஷமா சோகமான்னு சொல்லாது, அதைச் சொல்ற காந்தாரம் அதுல இல்லையே. சிந்தசைசர் வந்து அந்தக் காந்தாரத்தைப் போட்டுக் குடுத்துச்சு. கிடார் எடை, கீபோர்டு நிறம். 'ஜம்ப்' ஆரம்பத்தைக் கேளுங்க, மேல எஃப், ஜி, சின்னு சாதாரண மேஜர் கார்டுகள் மாறிக்கிட்டே இருக்கு, கீழ பேஸ் மட்டும் சுருதிப்பெட்டி மாதிரி 'சி'யையே பிடிச்சுக்கிட்டு நகரவே மாட்டேங்குது. மேல உள்ளவன் பறக்குறான், கீழ உள்ளவன் விட மாட்டேங்குறான். அந்த இழுப்புக்குத்தான் மயிர்க்கூச்செறியுது, வேற ஒண்ணும் மாயம் இல்ல.

குயின் பேண்டு எந்தக் கட்சி? – கும்பகோணம் வாசகர்

கட்சி மாறினவங்க. எழுபதுகள்ல ஆல்பம் அட்டைலயே நாங்க சிந்தசைசர் தொடலன்னு பெருமையா அச்சடிச்சாங்க. 1980-ல வந்த 'தி கேம்' ஆல்பத்துல முதல்முறையா ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ் வாசிச்சிருக்கோம்னு அதையும் அச்சடிச்சாங்க. ரெண்டையும் மறைக்கல பாருங்க, அது பிடிச்சிருக்கு.

'தி ஃபைனல் கவுண்டவுன்' பாட்டைக் கேட்டா எனக்கு இப்பவும் புல்லரிக்குது, கூட இருக்கிறவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. அது காமெடி பாட்டா சீரியஸ் பாட்டா? – சேலம் வாசகர்

சீரியஸ் பாட்டுதான், சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். ஸ்டாக்ஹோம் பக்கத்துல உப்லாண்ட்ஸ் வேஸ்பின்னு ஒரு ஊர், அங்க இருந்து வந்த பசங்கதான் யூரோப். பாடகர் ஜோயி டெம்பெஸ்ட் 1980-களோட ஆரம்பத்துல, பேண்டுல கீபோர்டு வாசிக்கிற மிக் மிகாயெலி கிட்ட இருந்து கோர்க் பாலிசிக்ஸ் கீபோர்டை இரவல் வாங்கி அந்த ட்ரம்பெட் மாதிரி வர்ற ட்யூனைப் போட்டு வெச்சிருக்காரு, போட்டு வெச்சதோட சரி, வருஷக்கணக்கா சும்மாவே கிடந்துச்சு. அப்புறம் பேஸ் வாசிக்கிற ஜான் லெவென் அதை வெச்சு ஒரு பாட்டு பண்ணலாமேன்னு சொல்ல, சரி கச்சேரி ஆரம்பிக்கிறப்ப மேடைக்கு வர்றதுக்கு ஒரு எண்ட்ரி பாட்டா இருக்கட்டும்னுதான் எழுதினாரு, ஹிட் ஆகும்னு எழுதவே இல்ல. அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓடுற பாட்டை ரேடியோல எவன் போடுவான்னு நினைச்சிருப்பாங்க. 1986-ல வெளிவந்து 25 நாட்டுல நம்பர் 1.

அந்த சவுண்டு எப்படி வந்துச்சுன்னா, பாலிசிக்ஸ் கிடையாது, ரெக்கார்டிங்ல மிகாயெலி ரெண்டு மெஷினைக் கலந்தாரு, ஒண்ணு ரோலண்ட் ஜேஎக்ஸ்-8பி, இன்னொண்ணு யமஹா டிஎக்ஸ்816. இந்த டிஎக்ஸ்816 என்னன்னா எட்டு டிஎக்ஸ்7-ஐ ஒரே ரேக்ல அடுக்கின ராட்சசன். எட்டையும் லேசா லேசா சுருதி தள்ளி வெச்சு ஒண்ணா ஊதவிட்டா எப்படி இருக்கும்? அதான் சும்மா ஒரு சின்ன கீபோர்டுல நீங்க வாசிச்சுப் பாக்குறப்ப ஐஸ்க்ரீம் வண்டி மாதிரி கேக்குது. கூட இருக்கிறவங்க சிரிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம், நல்ல ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுங்க.

இப்ப என் கட்சிக்கு வர்றேன். கிடாரிஸ்ட் ஜான் நோரமுக்கு அந்தக் கீபோர்டு ஆரம்பமே பிடிக்கல. பிடிக்காதவர் வாசிச்ச சோலோவைக் கேளுங்க, இருக்கிற கொஞ்ச இடத்துல வேகத்தைக் கொட்டி, என்னையும் கவனிங்கடான்னு வாசிச்சிருக்காரு. அந்த ஆல்பத்துலயே எனக்குப் பிடிச்ச இடம் அதுதான். பாட்டு உலகம் பூரா ஓடிக்கிட்டு இருந்தப்பவே 1986 கடைசில பேண்டை விட்டுப் போயிட்டாரு, கீபோர்டு ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சுன்னு. ரெண்டாயிரத்துக்கு அப்புறம் பேண்டு திரும்பக் கூடினப்ப அவரும் வந்துட்டாரு, இப்பவும் கச்சேரி முடியறப்ப அதே பாட்டைத்தான் வாசிச்சாகணும். பாவம்தான், ஆனா நமக்கு லாபம்.

அண்ணை, நான் இஞ்ச ஸ்காபரோவில இருக்கிறன். என்ர மகன் ரஷ் எண்டிற கனடா ராக் பேண்டில ஒரு பைத்தியம். எழுபதுகளில வந்த ரஷ்தான் ரஷ், எண்பதுகளில கீபோர்டைப் போட்டுக் கெடுத்துப்போட்டினம் எண்டு வீட்டில ஒரே சண்டை. எனக்கெண்டா அந்த எண்பதுகள்தான் பிடிப்பு. ஒரு தீர்ப்பு சொல்லுங்கோ. – ஸ்காபரோ வாசகர்

அப்பா பக்கம்தான் தீர்ப்பு, மகன் மன்னிக்கணும். 1982-ல வந்த 'சிக்னல்ஸ்' ஆல்பத்தோட முதல் பாட்டு 'சப்டிவிஷன்ஸ்', அதை சிந்தசைசர் இல்லாம நினைச்சே பாக்க முடியாது. புறநகர்ல ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி தெரு, கூட்டத்தோட ஒட்டாத பையன் என்ன பாடுபடுவான்னு டிரம்மர் நீல் பியர்ட் எழுதின பாட்டு, அந்தக் குளிர்ந்த, தட்டையான கீபோர்டு சத்தம்தான் அந்தத் தெருவே. கிடார்ல வாசிச்சிருந்தா கோவமா மட்டும் இருந்திருக்கும். உங்களுக்கு இன்னொரு விஷயம், அந்த வீடியோல வர்ற பள்ளிக்கூடம் உங்க ஸ்காபரோல இருக்கிற லாமோரோ பள்ளிக்கூடம்தான், மகனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, சண்டை கொஞ்சம் தணியும்.

கெடி லீயோட அந்தக் காலத்து மேடை வீடியோ பாத்தா இந்த இசையோட மொத்தப் பைத்தியக்காரத்தனமும் புரியும். மூணே பேர் பேண்டு, நாலாவது ஆளைச் சேக்க மாட்டோம்னு அடம், அதனால அவர் பாடணும், பேஸ் வாசிக்கணும், பேஸை கழுத்துலயே தொங்கவிட்டுட்டு கீபோர்டுக்கு ஓடணும், கை ரெண்டும் கீபோர்டுல இருக்கிறப்ப பேஸுக்கு ஆள் இல்லையேன்னு கால்ல மூக் டாரஸ்ங்கிற பேஸ் சிந்தசைசர் பெடலை மிதிக்கணும், அப்பவும் மைக்கை விட்டு வாய் நகரக்கூடாது.

உங்க மகன் பேச்சுலயும் நியாயம் இல்லாம இல்ல. 'சிக்னல்ஸ்'ல கிடார் கொஞ்சம் பின்னாடிதான் கேக்குது, கிடாரிஸ்ட் அலெக்ஸ் லைஃப்சனுக்கே அதுல வருத்தம் உண்டு, அதுவரைக்கும் கூட இருந்த தயாரிப்பாளர் டெரி பிரவுனும் அந்த ஆல்பத்தோட விலகினாரு. ஆனா அதுக்கப்புறம் லைஃப்சன் என்ன பண்ணாருன்னா, 1985-ல வந்த 'பவர் விண்டோஸ்' கேளுங்க, கீபோர்டு முழு இடத்தையும் ஆக்கிரமிச்ச வீட்டுல சந்து சந்தா இடம் கண்டுபிடிச்சு பளிச்சு பளிச்சுன்னு வாசிச்சிருக்காரு. தாராளமா இடம் கிடைச்ச எழுபதுகள்ல அவர் அப்படி வாசிக்கல. மகன்கிட்ட அந்த ஆல்பத்தை கிடாரை மட்டும் கவனிச்சு ஒரு தடவை கேக்கச் சொல்லுங்க.

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் ட்ரெய்லர் பாத்துட்டு 'செப்பரேட் வேஸ்' தேடி ஒரிஜினல் வீடியோ பாத்தேன். அண்ணா, என்ன அண்ணா அது, காத்துல கீபோர்டு வாசிக்கிறாங்க?? – திருச்சி கல்லூரி மாணவி

ஹாஹா, பாத்துட்டீங்களா. 1983, நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துல ஒரு கிடங்கு, ஜர்னி பேண்டு ஆளுங்க அஞ்சு பேரும் ரொம்ப உருக்கமா முகத்தை வெச்சுக்கிட்டு இல்லாத கிடாரையும் இல்லாத டிரம்ஸையும் வாசிப்பாங்க, ஒரு பொண்ணு பாட்டுக்கு நடந்து போயிட்டே இருப்பாங்க. கீபோர்டுகாரர் ஜோனதன் கெய்ன் முதல்ல காத்துல வாசிப்பாரு, அப்புறம் பாத்தா நிஜக் கீபோர்டையே செவுத்துல ஆணி அடிச்ச மாதிரி மாட்டி வெச்சு வாசிப்பாரு. ஏன்னு கேக்காதீங்க. வீடியோ எப்படி எடுக்கணும்னு யாருக்கும் தெரியாத காலம், காலைல இருந்து காத்து வேற அடிச்சிருக்கு.

ஆனா கண்ணை மூடிட்டுக் கேளுங்க. அந்த ஆரம்ப ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்ன ட்யூன்) முழுக்க சிந்தசைசர், கிடார்ல வாசிக்க வேண்டிய மாதிரி ஒரு ரிஃபைக் கீபோர்டுல போட்டிருக்காரு, வெட்டி வெட்டி வருது பாருங்க. அப்புறம்தான் நீல் ஷோன் கிடாரோட உள்ள வர்றாரு, வந்ததும் பாட்டோட எடை டபுள் ஆயிடுது. கெய்ன் 1980-லதான் ஜர்னில சேந்தாரு, அடுத்த வருஷம் வந்த 'எஸ்கேப்' அமெரிக்காவுல நம்பர் 1 ஆல்பம், அதுக்கடுத்த 'ஃப்ரண்டியர்ஸ்' நம்பர் 2, இங்கயும் குறுக்க நின்னது 'த்ரில்லர்'தான், அந்த ஆல்பம் எத்தனை பேர் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிச்சோ.

ஷோனும் கெய்னும் இன்னிக்கு வரைக்கும் சண்டைதான், 2022-ல பேண்டோட கிரெடிட் கார்டு விவகாரம் கோர்ட் வரைக்கும் போச்சு. சண்டைக்கு நடுவுல நின்னு பாடுறவர் மணிலாக்காரர் அர்னெல் பினெடா. ஃபிலிப்பைன்ஸ்ல மத்தவங்க பாட்டைப் பாடிட்டு இருந்தவர், நண்பர் ஒருத்தர் யூடியூப்ல போட்ட வீடியோவை 2007-ல ஷோன் பாத்துட்டுக் கூப்பிட்டாரு. பழைய பாடகர் ஸ்டீவ் பெரி இடத்துல ஒரு ஆசியக்காரரான்னு சில ரசிகர்கள் அன்னிக்கு அசிங்கமா பேசினாங்க. பாட்டைக் கேட்ட கூட்டம் அவர் பக்கம் வந்துருச்சு.

ஹேர் ஸ்ப்ரே இல்லாம இந்த இசை இருந்திருக்குமா? – புதுச்சேரி வாசகர்

ஸீ ஸீ டாப் தாடியை வெச்சே சமாளிச்சாங்களே. டெக்ஸாஸ்காரங்க, 1969-ல இருந்து ப்ளூஸ் வாசிச்சவங்க, 1983-ல 'எலிமினேட்டர்'ல டிரம் மெஷின், ட்யூனைத் தானா வாசிக்கிற சீக்வென்சர் எல்லாம் போட்டு ஒரே சீரான வேகத்துல ஓட்டினாங்க, அமெரிக்காவுல மட்டும் ஒரு கோடிக்கு மேல வித்துச்சு. முடியோ தாடியோ, மேடைல பின்னாடி இருந்து பாக்குறவனுக்கும் தெரியணும், அவ்ளோதான் விஷயம்.

இது எல்லாமே கம்பெனிக்காரன் செஞ்ச இசை சார். ஃபாரினர், ஏசியா, சர்வைவர், எதைப் போட்டாலும் ஒரே மாதிரி ஆரம்பம், ஒரே மாதிரி கோரஸ். நாற்பது வருஷம் கழிச்சு இதை உக்காந்து ரசிக்கிறதுக்கு உங்களுக்குக் கூச்சமா இல்லையா? – பெரம்பூர் வாசகர்

கூச்சம் இல்ல. ஆனா நீங்க சொல்றதுல பாதியை ஒத்துக்கறேன், எந்தப் பாதின்னு சொல்றேன்.

ஏசியாவை எடுத்துக்கங்க, 1982-ல முதல் ஆல்பமே அமெரிக்காவுல ஒன்பது வாரம் நம்பர் 1. ஆளுங்க யாருன்னா கிங் கிரிம்சன்ல இருந்த ஜான் வெட்டன், யெஸ்ல இருந்து ஸ்டீவ் ஹவ், எமர்சன் லேக் அண்ட் பாமர்ல இருந்து கார்ல் பாமர், பகிள்ஸ்ல இருந்து ஜெஃப் டவுன்ஸ். இருபது நிமிஷப் பாட்டு வாசிச்ச கைகள் நாலு நிமிஷப் பாட்டு வாசிக்க வந்தாங்கன்னு அப்பவே திட்டினாங்க. நாலு நிமிஷத்துல சொல்ல முடிஞ்சதை நாலு நிமிஷத்துல சொன்னாங்க, அதுல என்ன குத்தம்? கம்பெனிக்காரன் சேத்து வெச்ச கூட்டணிதான், ஆனா 'ஹீட் ஆஃப் தி மொமெண்ட்' கோரஸை கம்பெனிக்காரன் எழுதல.

ஃபாரினர் கதை என் கட்சியையே கவுத்துடும், இருந்தாலும் சொல்றேன். 1981-ல '4' ஆல்பத்துக்கு இங்கிலாந்துல இருந்து தாமஸ் டால்பின்னு ஒரு சின்னப் பையனைக் கூட்டிட்டு வந்து சிந்தசைசர் வாசிக்க வெச்சாங்க, 'வெயிட்டிங் ஃபார் எ கேர்ள் லைக் யூ' ஆரம்பத்துல பனி மாதிரி மெல்லப் படருதே, அது அவர் வேலை. அந்தப் பாட்டு பத்து வாரம் ரெண்டாவது இடத்துலயே நின்னுச்சு, ஒரு நாள் கூட முதல் இடம் கிடைக்கல. டால்பி அந்த சம்பளத்தை வெச்சுத்தான் தன்னோட முதல் ஆல்பத்தை முடிச்சாரு. இங்க கீபோர்டு வேணும்னு நின்னவர் கிடாரிஸ்ட் மிக் ஜோன்ஸ், வேணாம், ராக்கா இருக்கட்டும்னு கோவப்பட்டவர் பாடகர் லூ கிராம். 1985-ல 'ஐ வாண்ட் டு நோ வாட் லவ் இஸ்' நம்பர் 1 ஆச்சு, அதுக்கப்புறம் பாலட் பாலட்னு (மெதுவான காதல் பாட்டு) போய் கிராம் 1990-ல வெளியவே போயிட்டாரு. சண்டை யாருக்குள்ளன்னு மாறலாம், சண்டை நடந்த வரைக்கும் பாட்டு நல்லா இருந்துச்சு.

இப்ப நீங்க சொன்ன சரியான பாதி. எண்பதுகளோட கடைசில சண்டை போட ஆளே இல்ல. கீபோர்டை ஒரு மெத்தை மாதிரி கீழ விரிச்சு, மேல கிடாரை அளவா வெச்சு, மூணாவது கோரஸ்ல சுருதியை ஒரு படி ஏத்தி, எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சுபோச்சு. ஜூடாஸ் ப்ரீஸ்ட் 1986-ல 'டர்போ' ஆல்பத்துல கிடார் சிந்தசைசர் போட்டதுக்கு அவங்க ரசிகர்களே கொதிச்சாங்க, நான் அந்த ஆல்பத்துக்குச் சண்டை போடத் தயார், அதுல துணிச்சல் இருக்கு, ஆனா அதைப் பாத்துக் காப்பியடிச்சு வந்த நிறைய ஆல்பங்களுக்கு என்கிட்ட வக்காலத்து இல்ல. 1991-ல நிர்வாணாவோட 'நெவர்மைண்ட்' வந்து எல்லாத்தையும் துடைச்சுப் போட்டுச்சுன்னு சொல்வாங்க. துடைக்கிற அளவுக்குத் தூசி இருந்துச்சுங்கிறதும் உண்மைதானே.

சரி, அப்ப செத்த இசைக்கு இன்னும் ரசிகர்கள் எங்க இருக்காங்க? – நாகர்கோவில் வாசகர்

சாகவே இல்லையே, வீடு மாறிடுச்சு. அமெரிக்க ரேடியோ கை கழுவினதும் ஐரோப்பாவும் ஜப்பானும் வாங்கி வெச்சுக்கிச்சு. இத்தாலில நேப்பிள்ஸ் நகரத்துல 1996-ல ஒரு ரெக்கார்டு கம்பெனி ஆரம்பிச்சாங்க, பேரு ஃப்ரண்டியர்ஸ், ஜர்னி ஆல்பத்தோட பேரேதான், ஓனர் அவ்ளோ பெரிய ரசிகர். பழைய பாடகர்களைத் தேடிப் பிடிச்சு புது ஆல்பம் போட வைக்கிறது, புதுப் பசங்களைச் சேக்கிறதுன்னு இன்னிக்கும் மாசாமாசம் வெளியிடுறாங்க, அதுல ரெண்டு நல்லா இருந்தா மூணு சுமாரா இருக்கும், பரவால்ல. இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் நகரத்துல ஃபயர்ஃபெஸ்ட்னு ஒரு விழா 2014 வரைக்கும் நடந்துச்சு, இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி ஒரே ஒரு ஆல்பம் போட்டுட்டுக் காணாமப் போன பேண்டு மேடை ஏறினா முன்வரிசை ஆளுங்க எல்லா வரியும் மனப்பாடமா பாடுவாங்க, பாடகரே மறந்த வரியையும் சேத்து.

ஸ்வீடன்தான் தலைநகரம். யூரோப் வந்த அதே உப்லாண்ட்ஸ் வேஸ்பில இருந்து 2007-ல ஹீட்னு ஒரு பேண்டு வந்துச்சு, அது என்ன தண்ணியோ தெரியல. ஸாயில்வொர்க்ங்கிற கொடூரமான மெட்டல் பேண்டுல கத்துற பியோர்ன் ஸ்ட்ரிட், ஆர்ச் எனிமில பேஸ் வாசிக்கிற ஷார்லி டி'ஆஞ்சலோ, இவங்க சேந்து தி நைட் ஃப்ளைட் ஆர்கெஸ்ட்ரான்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, பகல்ல கத்திட்டு ராத்திரி வந்து ஃபாரினர் மாதிரி இனிமையா பாடுறாங்க.

ரசிகர்கள் என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா, சண்டை போடுவோம். இந்தப் பாட்டுல இருக்கிறது ஜூபிட்டர்-8-ஆ ஓபர்ஹைமா, மிக்ஸ்ல கீபோர்டு ஜாஸ்தியா கம்மியா, ஜப்பான் சிடில மட்டும் இருக்கிற எக்ஸ்ட்ரா பாட்டு வெச்சிருக்கியா இல்லியா. ஜப்பான்ல உள்ளூர் சிடி விலை ஜாஸ்தி, ஜனங்க வெளிநாட்டு சிடி வாங்கிடக் கூடாதுன்னு ஒரு பாட்டு கூடுதலா போடுவாங்க, அந்த ஒரு பாட்டுக்காக முழு ஆல்பத்தையும் ரெண்டாவது தடவை வாங்கின ஆளுங்க இருக்காங்க. வீட்டம்மா இந்தப் பத்திரிகை படிப்பாங்கங்கிறதால இதுக்கு மேல எழுதல.

நம்ம ஊர்ல இதோட வாசனை எங்கயாவது இருக்கா? – தாம்பரம் வாசகி

இருக்கு, ஏ.ஆர். ரஹ்மானையே எடுத்துக்கங்க. சினிமாவுக்கு இசையமைக்க வர்றதுக்கு முன்னாடி சென்னைல ரூட்ஸ்ங்கிற பேண்டுல கீபோர்டு வாசிச்சாரு, கூட சிவமணி எல்லாம் இருந்தாங்க, அப்புறம் நெமிசிஸ் அவென்யூன்னு ஒரு ராக் பேண்டே ஆரம்பிச்சாரு. எண்பதுகள்ல வந்த அதே தலைமுறை மெஷின்கள்தான் இங்க ஸ்டூடியோக்களுக்கும் வந்துச்சு. ஆனா அதை வெச்சு நம்மாளுங்க பண்ணது வேற ஊர், வேற வழி. இங்க எல்லாமே ராக் பாத்துக் கத்துக்கிட்டதுதான்னு இழுத்து முடிச்சுப் போட நான் ஆள் இல்ல.

புதுசா கேக்கப் போறேன், எங்க ஆரம்பிக்கிறது? லிஸ்ட் குடுங்க ப்ளீஸ். – ஈரோடு வாசகர்

லிஸ்ட் தர மாட்டேன், வழி சொல்றேன். மேல சொன்ன 'ஜம்ப்', 'செப்பரேட் வேஸ்', 'சப்டிவிஷன்ஸ்' மூணையும் முதல் நாளே முடிச்சுடுங்க. அப்புறம் பான் ஜோவியோட முதல் ஆல்பத்துல இருந்து 'ரன்அவே', ஒரே கட்டையை டக டக டகன்னு தட்டிக்கிட்டே இருக்கிற ஆரம்பம், ரெக்கார்டிங்ல அதை வாசிச்சது ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பேண்டுல இருக்கிற ராய் பிட்டன். அது பிடிச்சுதுன்னா ஜியூஃப்ரியான்னு ஒரு பேண்டு, 1984-ல வந்த 'கால் டு தி ஹார்ட்', கீபோர்டுகாரர் பேரையே பேண்டுக்கு வெச்சுக்கிட்ட பேண்டுன்னா பாத்துக்கங்க, எவ்ளோ கொட்டியிருப்பாங்கன்னு. அது திகட்டிச்சுன்னா அங்கயே நிறுத்திக்கங்க, உங்க எல்லை அது. திகட்டலன்னா எங்களுக்குக் கடுதாசி போடுங்க, கூட்டத்துல சேத்துக்கறோம். மொபைல் ஸ்பீக்கர்ல மட்டும் கேக்காதீங்க, கீழ ஓடுற பேஸ் பூரா காணாமப் போயிடும், மிச்சம் இருக்கிறது பீப்பீ சத்தம்தான்.

'ஜம்ப்' ஆரம்பத்தைக் கீபோர்டுல வாசிக்கணும், அடுத்த மாசம் எங்க காலனி ஃபங்ஷன். 61 கட்டை கீபோர்டுதான் இருக்கு, முடியுமா? – வேலூர் வாசகர்

தாராளமா. ஓபி-எக்ஸ்ஏ-லயே கட்டைங்க எண்ணிக்கை 61-தான். ஓபர்ஹைம் வாங்க சொத்தை விக்க வேணாம், அதே சத்தத்தைத் தர்ற சாஃப்ட்வேர் இப்ப லேப்டாப்லயே ஓடுது, கீபோர்டை யுஎஸ்பி ஒயர்ல இணைச்சாப் போதும். அதுவும் இல்லன்னா உங்க கீபோர்டுல இருக்கிற 'சிந்த் ப்ராஸ்' எடுத்துக்கங்க.

கார்டு ஈஸி, சிக்கல் தாளத்துலதான். வலது கை பெரும்பாலும் தட்டுக்கு முன்னாடியே விழணும், தட்டு மேலயே விழுந்தா பள்ளிக்கூட பேண்டு வாத்தியம் ஆயிடும். இடது கைல 'சி'யைப் பிடிங்க, கை அரிச்சாலும் நகத்தாதீங்க. மெட்ரோனோமை 90-ல போட்டு ஆரம்பிச்சு, தடுமாறாம வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா 130 பக்கம் கொண்டு போங்க.

கிடாருக்கு ஆள் வெச்சிருக்கீங்கன்னா மேடை ஏறுறதுக்கு முன்னாடி கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ் பட்டன் பூஜ்யத்துல இருக்கான்னு பாத்துக்கங்க. 2007-ல வேன் ஹேலனுக்கே இது மாதிரி ஒண்ணு நடந்துச்சு, கிரீன்ஸ்பரோல ஒரு கச்சேரி, பதிவு பண்ணி வெச்ச கீபோர்டு ட்ராக் தப்பான சுருதில ஓட ஆரம்பிச்சுருச்சு, அதுவும் ரெண்டு சுரத்துக்கும் நடுவுல ஒரு இடம், எட்டி கிடார்ல மேலயும் கீழயும் கையை நகத்திப் பாக்குறாரு, எங்க போனாலும் சேரல, பாட்டு முடியற வரைக்கும் அப்படியே ஓடுச்சு. அந்த வீடியோ இன்னும் கிடக்குது, உங்க கிடாரிஸ்ட்டுக்கு முன்கூட்டியே போட்டுக் காட்டிடுங்க. ப்ராக்டிஸ் ராத்திரிலன்னா ஹெட்போன் மாட்டிக்கங்க, காலனில யாரு வீட்டுலயாவது பிளஸ் டூ இருக்கும்.